கைக்கருவிக் குறிப்பும் அலுவலகப் பதிவும்

ஒரே விஷயத்தை இரண்டு இடங்களில் எழுதி வைப்பது கிராம ஊழியர்களுக்குப் புதிதன்று. ஊழியரின் பையில் ஒரு குறிப்பேடு இருக்கும். அலுவலக மேசைமேல் ஒரு பதிவேடு இருக்கும். மாலையில் திரும்பியதும் குறிப்பேட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். மறுநாட்காலையில் பதிவேட்டைப் பார்த்துத் தாம் செல்ல வேண்டிய வீடுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இரண்டும் ஒத்திருக்கும் வரையில் வேலை தடையின்றி நடைபெறும். ஒவ்வாதபோது எது சரி என்ற கேள்வி எழும். அதற்கு விடை காணும் பொறுப்பு, அவற்றை எழுதிய மனிதரிடமே இருந்து வந்தது.

இன்று குறிப்பேட்டின் இடத்தில் கைபேசியோ டாப்லெட்டோ வந்துள்ளது. பதிவேட்டின் இடத்தில் மேசைக் கணிப்பொறியோ, தொலைவிலுள்ள சர்வரோ இருக்கிறது. இரண்டையும் ஒத்துப் பார்த்து ஒன்றாக்கும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. பேச்சில் ‘சிங்க்’ என்றும், எழுத்தில் ஒத்திசைவு என்றும் இது கூறப்படுகிறது. இதனால் விளையும் சௌகரியம் பெரிது. ஆயினும், ஒத்துப் பார்க்கும் வேலையோடு கூடத் தீர்ப்புக் கூறும் பொறுப்பும் ஓசையின்றிக் கருவிக்குக் கைமாறிவிட்டது. வீட்டு வாசலில் நின்று நேரில் கேட்டறிந்த ஊழியரிடம் அப்பொறுப்பு திரும்பி வருதல் வேண்டும். கருவி முரண்பாட்டைக் காட்டட்டும். எது சரி என்று முடிவு செய்வது மனிதராக இருக்கட்டும்.

கருவி பார்க்கும் முறை

இம்முறை பரவலாக அறிமுகமானது 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘பைலட்’ என்ற கையடக்கக் கருவியினால் ஆகும். பாம் என்ற பெயரால் பின்னர் புகழ் பெற்ற இக்கருவியில் நாட்குறிப்பு, முகவரிகள், செய்ய வேண்டிய வேலைகள், சிறு குறிப்புகள் ஆகியவை இருந்தன. மேசைக் கணிப்பொறியுடன் கம்பியால் இணைந்த ஒரு தாங்கியில் அதை வைத்து, ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். இரு பக்கத்துக் குறிப்புகளும் ஒன்றாகிவிடும். அக்கருவியின் நினைவகம் பாட்டரியை நம்பியே இருந்தது. பாட்டரி முற்றிலும் தீர்ந்துவிட்டால் குறிப்புகள் யாவும் மறைந்துபோகும். எனவே கணிப்பொறியிலிருந்த நகலே உரியவருக்குப் பாதுகாப்பாக விளங்கியது.

பொத்தானை அழுத்தியபின் உள்ளே நடப்பது என்ன? ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. பதிவு திருத்தப்பட்டால் ஓர் அடையாளமும், நீக்கப்பட்டால் வேறோர் அடையாளமும் அதன்மேல் இடப்படும். ஒரு பக்கத்தில் மட்டும் அடையாளம் இருந்தால் அந்த மாற்றம் மறுபக்கத்திலும் எழுதப்படும். இரு பக்கத்திலும் அடையாளம் இல்லையெனில் பதிவு அப்படியே விடப்படும். வேலை முடிந்ததும் அடையாளங்கள் யாவும் துடைக்கப்படும். அதுவே அடுத்த முறைக்குத் தொடக்கக் கணக்கு ஆகிறது. வங்கியின் பாஸ் புத்தகத்தில் முன்பக்கத்து இருப்பை எடுத்தெழுதி மேலே தொடர்வதைப் போன்றது இது. ‘சென்ற முறை இரண்டும் எவ்வாறு ஒத்திருந்தன’ என்பது தெரிந்தாலன்றி, இன்று எது மாறியது என்பதைக் கூற இயலாது.

தொல்லை எழுவது ஒரே பதிவு இரு பக்கத்திலும் மாறியிருக்கும்போதுதான். உதாரணமாக, ஊழியர் கிராமத்தில் ஒரு தாயின் தொலைபேசி எண்ணைத் திருத்துகிறார். அதே நாளில் அலுவலகச் சிப்பந்தி அந்தத் தாயின் வீட்டு எண்ணைத் திருத்துகிறார். இரண்டு திருத்தங்களும் சரியானவையே. கருவி என்ன செய்யும்? பாம் கருவி இத்தகைய நிலையில் இரண்டு பதிவுகளையும் வைத்துக்கொண்டது. பட்டியலில் ஒரே பெயர் இருமுறை தோன்றும். உரியவர் பார்த்து ஒன்றைத் திருத்தி மற்றொன்றை நீக்குவார். அது சற்றுத் தொந்தரவாகத் தோன்றினும் நேர்மையான வழியாகும். இக்காலத்து மென்பொருள்கள் பலவற்றில், கடைசியாக எழுதியது எதுவோ அதுவே நிலைக்கும் என்ற விதி கையாளப்படுகிறது. பதிவு முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ளும் மென்பொருளானால், பிந்தி எழுதிய வீட்டு எண் நிலைத்து, முந்தி எழுதிய தொலைபேசி எண் அழிந்துவிடும். எவருக்கும் ஒரு சொல்லும் அறிவிக்கப்படாது. ‘ஒத்திசைவு முடிந்தது’ என்ற செய்தி மட்டும் திரையில் தோன்றும்.

நம் நாட்டு அநுபவம்

கையடக்கக் கருவியைக் கிராம வேலைக்குக் கொணர வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் நெடுநாளாகவே உண்டு. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்களும் என்கோர் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சிம்ப்யூட்டர்’ 2001-ஆம் ஆண்டில் மக்கள்முன் வைக்கப்பட்டது. ஒருவரே ஒரு கருவியை வாங்க இயலாத கிராமத்தில், பலர் ஒரு கருவியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் தம் குறிப்புகளைத் தமக்குரிய ஸ்மார்ட் அட்டையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறந்த கருத்துகளில் ஒன்றாகும். குறிப்பு இன்னாருடையது என்பதைக் கருவியின் அமைப்பே அங்கீகரித்தது. 2004-இல் அது விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு பரவவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், அப்போது ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த நல்கொண்டா மாவட்டத்தில், ஏ.என்.எம். என்று அழைக்கப்படும் துணைச் செவிலியர்களுக்குக் கையடக்கக் கருவிகள் அளித்துப் பார்க்கும் முயற்சி நடந்தது. ஊழியரைச் சுமைபோல் அழுத்திவந்த பதிவேடுகளைக் குறைப்பதே அதன் நோக்கம். பின்னர் 2016-ஆம் ஆண்டில் ‘அன்மோல்’ என்ற டாப்லெட் ஏற்பாடு ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கப்பட்டது. இணைய வசதியில்லாத இடத்திலும் ஏ.என்.எம். பதிவு செய்யலாம்; இணைப்புக் கிடைத்தபின் அப்பதிவுகள் மையச் சர்வருக்குச் செல்லும் என்பது அதன் அமைப்பு. பாம் கருவிக்குத் தாங்கியும் கம்பியும் எதுவோ, அதுவே இதற்கு மாலைநேரத்து இணைய இணைப்பு ஆகும்.

சித்தூர் மாவட்டத்துக் கங்காதர நெல்லூர் போன்ற பகுதியில் இவ்விஷயம் வெறும் யந்திர நுட்பமாக நின்றுவிடுவதில்லை. அது தமிழ்நாட்டு எல்லையை அடுத்த நிலப்பகுதி. தெலுங்கும் தமிழும் வீடுகளிலும் சந்தைகளிலும் கலந்து வழங்குகின்றன. மணவுறவுகள் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. முதற் பிரசவத்துக்குத் தாய் வீடு செல்லும் பெண், வேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றுக்குச் செல்லக்கூடும். குழந்தையுடன் மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ திரும்பக்கூடும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய ‘பிக்மி’ என்ற தனி முறை உள்ளது. ஆகவே ஒரே தாயையும் குழந்தையையும் பற்றிய செய்தி பல கைகளால், பல நாள்களில், பல கருவிகளில் எழுதப்படுகிறது. முரண்பாடு எழுவதற்கு இதைவிட வளமான நிலம் வேண்டுவதில்லை.

ஒரு குழந்தையின் மூன்று தேதிகள்

முரண்பாட்டின் விளைவு எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தால் காணலாம். இது எந்த ஒரு மென்பொருளையும் பற்றிய குறை அன்று. நாட்குறிப்பை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் எவருக்கும் நேரக்கூடியது.

ஒரு குழந்தை ஜூன் 3-ஆம் தேதி பிறந்தது எனக் கொள்வோம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடப்பட வேண்டும். அதன்படி ஜூலை 15, ஆகஸ்ட் 12, செப்டம்பர் 9 ஆகியவை அக்குழந்தைக்கு உரிய தேதிகள். ஊழியர் தம் கைபேசியின் நாட்குறிப்பில் 15-07, 12-08, 09-09 என்று எழுதுகிறார். பட்டியலை ஒரு கோப்பாக்கி அலுவலகக் கணிப்பொறிக்கு மாற்றுகிறார்கள். அக்கணிப்பொறியோ, மாதத்தை முதலிலும் நாளைப் பின்னும் வைத்துப் படிக்கும் அமெரிக்க வழக்கப்படி அமைக்கப்பட்டுள்ளது.

முதல் தேதியில் 15 என்ற மாதம் இல்லாமையால், கணிப்பொறி அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பார்ப்பவர் கண்ணில் தவறு படும். மூன்றாம் தேதியை எப்படிப் படித்தாலும் செப்டம்பர் 9 தான், தற்செயலாகச் சரியாகிவிடும். இரண்டாவது தேதியே ஆபத்தானது. 12-08 என்பதைக் கணிப்பொறி டிசம்பர் 8 என்று படித்து, எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொள்ளும். அடுத்த ஒத்திசைவில் அத்தவறே ஊழியரின் கைபேசிக்கும் திரும்பி வரும். ஆகஸ்ட் 12-ஆம் தேதி காலையில் கருவி மௌனமாக இருக்கும். குழந்தையின் வீட்டுக்கு எவரும் செல்லமாட்டார்கள்.

பின்னர் கண்டுபிடித்து ஊசி போட்டுவிடலாம் என்பது உண்மையே. தவணை தவறினால் தொடக்கத்திலிருந்து மீண்டும் போட வேண்டியதில்லை. ஆனால் இடைப்பட்ட வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான் முதலிய நோய்களுக்கு எதிராக அக்குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. கக்குவான் கைக்குழந்தைகளுக்கே மிகக் கொடியது. மூன்றாம் தவணை செப்டம்பரிலும் இரண்டாம் தவணை டிசம்பரிலும் இருப்பதை ஒரு ஊழியர் கண்டால் உடனே சிரித்துவிட்டுத் திருத்துவார். கருவிக்குத் தவணைகளின் வரிசை தெரியாது; எண்கள் மட்டுமே தெரியும்.

இதே போன்ற மற்றொரு தவறு நேரக்கணக்கால் விளைகிறது. இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகஸ்ட் 12 தொடங்கும் நள்ளிரவு, கிரீன்விச் கணக்கில் ஆகஸ்ட் 11 மாலை 6-30 மணி ஆகும். ஒரு நாள் முழுவதற்கும் உரிய குறிப்பை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று சேமிக்கும் மென்பொருளும், நேரவலயம் திருத்தி வைக்கப்படாத கணிப்பொறியும் சேர்ந்தால், புதன்கிழமை வேலை செவ்வாய்க்கிழமைக்கு நகர்ந்துவிடும்.

அழித்ததற்கும் அடையாளம் வேண்டும்

அரசாங்கப் பதிவேடுகளில் எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது என்பது பழைய விதி. தவறான பதிவைச் சிவப்பு மையினால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அடித்தது யார், எப்போது என்பது பின்வருவோர்க்குத் தெரிய வேண்டும் என்பதே இதன் கருத்து. ஒத்திசைவு நடத்தும் கருவிக்கும் இவ்விதி இன்றியமையாதது.

ஒரு முகவரி கைபேசியில் இல்லை, கணிப்பொறியில் இருக்கிறது என்றால், அதற்கு இரண்டு பொருள் உண்டு. அது கணிப்பொறியில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம்; அல்லது கைபேசியில் நீக்கப்பட்டிருக்கலாம். நீக்கியதற்கான அடையாளம் வைக்கப்படாவிட்டால் இரண்டையும் வேறுபடுத்த இயலாது. அப்போது, ஊரைவிட்டுச் சென்ற குடும்பத்தின் பெயர் எத்தனை முறை நீக்கினும் மறுநாள் மீண்டும் பட்டியலில் வந்து நிற்கும். அல்லது, புதிதாகச் சேர்ந்த குடும்பம் சொல்லாமல் மறைந்துவிடும். ஊழியர்கள் ‘கருவிக்குப் பேய் பிடித்தது’ என்று வேடிக்கையாகக் கூறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

பெயர்களைப் பற்றியும் கருத வேண்டும். தெலுங்கு வழக்கில் வீட்டுப்பெயர் முன்னும் இட்ட பெயர் பின்னும் வரும். தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். மணமானபின் கணவர் பெயரின் முதலெழுத்து அங்கே வருவதும் உண்டு. லட்சுமி என்றும் லக்ஷ்மி என்றும் எழுதுவார்கள். தெலுங்கு எழுத்தில் ஒருவர் எழுதியதைத் தமிழ் எழுத்தில் மற்றொருவர் எழுதுவார். தொலைபேசி எண்ணையும் பத்து இலக்கமாக ஒருவர், முன்னால் பூஜ்யம் சேர்த்து ஒருவர், நாட்டுக் குறியீடாகிய 91 சேர்த்து ஒருவர் என மூவர் மூவிதமாகக் குறிப்பர். கருவி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. அதன் கணக்கில் ஒரே பெண் மூன்று பெண்களாகிறாள். மாறாக, ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரை ஒருவராகச் சேர்த்துவிட்டால் விளையும் கேடு இன்னும் பெரிது. ஒருத்தியின் இரத்தசோகைக் குறிப்பு மற்றொருத்தியின் பெயரில் ஏறிவிடும். இரண்டு சுப்பம்மாக்களும் வேறு என்பதை அறிந்தவர், இருவர் வீட்டிலும் உட்கார்ந்து பேசிய ஊழியர் ஒருவரே.

ஆட்சேபங்கள்

இக்கருத்துக்கு இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படலாம். முதலாவது: மேசைக் கணிப்பொறியும் தாங்கியும் பழங்கதை ஆகிவிட்டன, இப்போது எல்லாம் மையச் சர்வரில் இருப்பதால் இரண்டு ஏடுகள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது. இது சரியன்று. இரண்டாவது ஏடு மேசையிலிருந்து தொலைதூரத்துக்கு மாறியதேயன்றி மறைந்துவிடவில்லை. சிக்னல் இல்லாத கிராமத்தில் ஊழியர் எழுதுவது அவர் கையிலுள்ள கருவியின் ஏட்டில்தான். இணைப்பு வரும் வரையில் இரண்டு ஏடுகளும் தனித்தனியே வளர்கின்றன. முன்பு கணிப்பொறி எதிரே இருந்தது. ஐயம் எழுந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்று அதுவும் எளிதன்று. ஆகவே எச்சரிக்கை முன்னிலும் அதிகமாகவே தேவை.

இரண்டாவது: ஊழியருக்கு ஏற்கெனவே வேலை மிகுதி, ஒவ்வொரு முரண்பாட்டையும் அவர் பார்த்துத் தீர்க்க வேண்டுமென்றால் கருவியால் பயன் என்ன என்பது. காகிதப் பதிவேட்டையும் கருவியையும் சேர்த்தே நிரப்ப வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கும்போது, இந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் உண்மையான முரண்பாடுகள் சிலவே. இரு ஒத்திசைவுகளுக்கு இடையில், ஒரே பதிவின் ஒரே பத்தி, இரு பக்கத்திலும் வெவ்வேறாக மாறினால் மட்டுமே முரண்பாடு உண்டு. மற்றவற்றைக் கருவி தாராளமாகத் தானே முடிக்கலாம். நாள்தோறும் ஒத்திசைத்தால் இச்சில முரண்பாடுகளும் மேலும் குறையும். இரண்டு மூன்று பதிவுகளைப் பார்த்துத் தீர்க்கச் சில நிமிஷங்கள் போதும். தவறிப்போன ஒரு குழந்தையைத் தேடிச் செல்ல ஒரு நாள் முழுவதும் வேண்டும்.

செய்யத்தக்கவை

இவ்வகையில் அலுவலகங்கள் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மென்பொருள் வாங்கும்போதும் செய்விக்கும்போதும், இரு பக்கத்திலும் மாறிய பதிவை அது ஊழியருக்குக் காட்டுமா என்பதை முதற் கேள்வியாகக் கேட்க வேண்டும். எந்தப் பத்திக்கு யார் பொறுப்பு என்பதை முன்னரே வகுத்துவிட்டால் முரண்பாடே பெரும்பாலும் எழாது. வீட்டில் கேட்டறியும் செய்தி ஊழியருடையது, ஆஸ்பத்திரியில் அளந்தறியும் செய்தி ஆஸ்பத்திரியுடையது எனலாம். நீக்கிய பதிவுகள் சில காலமேனும் மீட்கக் கூடியவையாக இருக்க வேண்டும். தேதியில் மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதினால், 12-08 என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை. கடைசியாக ஒத்திசைவு நடந்த நாளும் மணியும் திரையில் எப்போதும் தெரிய வேண்டும்.

ஊழியர்களும் சில பழக்கங்களை மேற்கொள்ளலாம். புதிய கைபேசிக்கோ புதிய கணிப்பொறிக்கோ மாறும் முன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. முதன்முறை இணைக்கும்போது, ‘கருவியிலுள்ளதைக் கணிப்பொறிக்கு’ என்றும் ‘கணிப்பொறியிலுள்ளதைக் கருவிக்கு’ என்றும் ‘இரண்டையும் சேர்க்க’ என்றும் கேட்கப்படுமானால், அவசரப்பட்டு விரலை வைத்துவிடக் கூடாது. வெறுமையான புதுக் கருவியிலுள்ளதைக் கணிப்பொறிக்கு எழுதும்படி சொன்னால், பல வருஷத்துக் குறிப்புகள் ஒரு நொடியில் வெறுமையாகும். ஒத்திசைவு முடிந்ததும் நன்கு தெரிந்த நான்கு ஐந்து பதிவுகளை இரு பக்கத்திலும் பார்ப்பது, கடைக்காரர் கல்லாவைப் பூட்டுமுன் சில்லறையை எண்ணுவது போன்ற நல்வழக்கம். மக்களின் உடல்நிலை பற்றிய குறிப்புகளைச் சொந்த முகவரிப் பட்டியலில் எழுதாதிருப்பதும் கடமையே. சொந்தக் கணக்கின் வழியே அவை எங்கெல்லாம் செல்லும் என்பது ஊழியர் கையில் இல்லை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாக விளக்கலாம். கால அட்டவணை ஒன்றை இரு மாணவர்கள் தனித்தனிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஒருவரையொருவர் பாராமல் ஒவ்வொருவரும் மூன்று மாற்றங்கள் செய்யட்டும். அவற்றுள் ஒன்று நீக்கமாக இருக்கட்டும். பின்னர் மூன்றாவது மாணவர், பழைய அட்டவணையைப் பாராமல், இரண்டையும் ஒன்றாக்க முயலட்டும். எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று கூற அவரால் இயலாது. பழைய அட்டவணையைக் கையில் கொடுத்ததும் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். இருவரும் ஒரே பாடவேளையை வெவ்வேறாக மாற்றியிருந்தால், அது மட்டும் தீராமல் நிற்கும். அப்போது அம்மாணவர், மாற்றிய இருவரையும் அழைத்துக் கேட்பார். வேறு வழியில்லை என்பதை வகுப்பு முழுவதும் தானாகவே கண்டுகொள்ளும்.

அந்த மாணவர் செய்வதையே கருவியும் செய்ய வேண்டும். அதாவது, தெரியாததைத் தெரியாது என்று கூறி, அறிந்தவரைக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும்படி அதை அமைப்பது மேலிடத்தாரின் கடமை. கேட்கும்போது பொறுமையாகப் பார்த்து விடையளிப்பது ஊழியரின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினால், ஆகஸ்ட் 12-ஆம் தேதி காலையில் குழந்தையின் வீட்டு வாசலில் ஊழியர் தவறாமல் நிற்பார்.